கடல் மணல் போனால் கிணற்று நீரும் போகும்

நெய்வேலி கடலோர ஊர் இல்லை. அப்புறம் கடல் மணலைப் பற்றி இந்தப் பக்கத்து விவசாயி ஏன் எழுதணும்னு கேட்பீர்கள். பூமியைத் தோண்டினால் அடியில் இருக்கிற நீருக்கு என்ன ஆகும் என்று அறுபது வருஷத்துக்கு மேலாகப் பார்த்துவரும் ஊர் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

கேரளத்தில் கொல்லம் மாவட்டம் ஆலப்பாடு. ஒரு பக்கம் அரபிக் கடல், மறுபக்கம் கால்வாய், நடுவில் ஒல்லியான நிலம். 2004 சுனாமியில் கடுமையாக அடிபட்ட ஊர். அங்கே அரசு நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாகக் கருமணல் அள்ளுகின்றன. அந்த மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட் எல்லாம் உண்டு. எங்கள் ஊரே கடலுக்குள் கரைகிறது என்று சொல்லி, 2018 நவம்பர் 1 அன்று மக்கள் தொடர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்திலும், கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை மீனவ மக்கள் எதிர்த்து நிற்கிறார்கள்.

இது மீனவர் பிரச்சினைதானே என்று விவசாயி ஒதுங்க முடியாது. காரணத்தைப் பாருங்கள்.

கடலோர மணல்மேடு மழைநீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது. நன்னீர் கடல்நீரை விட லேசு. அதனால் அது மண்ணுக்கடியில் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் ஆய்வாளர்களின் கணக்கு. இதையே திருப்பிப் போடுங்கள். மேலே ஒரு அடி குறைந்தால், உப்பு நீர் கீழிருந்து 40 அடி ஏறி வரும். மணல்மேட்டை அள்ளினால் மழைநீர் தங்க இடமில்லை. அதோடு மோட்டார் போட்டும் இறைத்தால் தென்னையும் நெல்லும் உப்பைத்தான் குடிக்கும். வங்கிக் கணக்கில் சொன்னால், வட்டியோடு முதலையும் சேர்த்து எடுக்கிற கதை.

நெய்வேலியிலும் கதை வேறில்லை. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நீர் பெரும் அழுத்தத்தோடு இருக்கிறது. அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் தோண்ட முடியும். ஒருகாலத்தில் தானாகப் பொங்கிய ஊற்றுகளைப் பற்றி இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று ஆழ்குழாயை நம்பித்தான் பயிர். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதைத் தமிழ்நாடே பார்த்தது.

இன்னொரு சேதி. சுரங்கத் திட்டங்களுக்குப் பொது மக்கள் கருத்துக்கேட்பு நடத்தவேண்டும் என்பது 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. ஆனால் 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு அணு கனிமங்களுக்கும் முக்கிய கனிமங்களுக்கும் அதிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. மோனசைட் அணு கனிமம். ஆக, கடலோர மக்களுக்குப் பேச இருந்த ஒரே மேடையும் பறிபோகிறது. இன்று அவர்களுக்கு என்றால் நாளை நமக்கு.

நாம் செய்யக்கூடியது என்ன?

ஒன்று, கிணற்று நீரைக் கோடையிலும் மழைக்குப் பிறகும் வேளாண்மைத் துறை ஆய்வகத்தில் கொடுத்து மின்கடத்துத்திறன் பாருங்கள். நெல்லுக்குப் பாசன நீரில் அது 2 டெசிசைமனைத் தாண்டினால் மகசூல் குறையத் தொடங்கும்.

இரண்டு, அந்த முடிவையும் நீர்மட்டத்தையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். வாய்ப்பேச்சை அதிகாரி கேட்டுவிட்டுப் போய்விடுவார். பத்து வருஷ நோட்டை அவ்வளவு லேசாகத் தள்ள முடியாது.

மூன்று, கிராம சபையில் நிலத்தடி நீருக்காகத் தீர்மானம் போடுங்கள். கடலோர மக்கள் போராடினால் போய் உட்காருங்கள். அவர்கள் காப்பது கரையை மட்டுமல்ல, நம் பாசன நீரையும்தான்.