ஆப்பை நீக்கினால் ஆட்டோபே நின்றுவிடுமா?

ஓசூர் சிப்காட் பக்கம் சம்பளம் ஏறிய மறுநாளே பலருக்கும் இன்னொரு மெசேஜ் வரும். 199 ரூபாயோ 499 ரூபாயோ பிடிக்கப்பட்டிருக்கும். எப்போதோ ஒரு ரூபாய் ‘டிரையல்’ என்று சேர்ந்த ஆங்கிலப் பயிற்சி ஆப்பாக இருக்கலாம், குட்டி சீரியல் பார்க்கும் ஆப்பாகவும் இருக்கலாம். “அதைத்தான் போன மாசமே அன்இன்ஸ்டால் பண்ணிட்டேனே!” என்பார்கள்.

சிக்கலே அங்கேதான். ஆப்பை நீக்குவது டிவியை அணைப்பது மாதிரி. அதற்காக கேபிள்காரர் பணம் வாங்காமல் இருப்பாரா?

யுபிஐ ஆட்டோபே வசதி 2020 ஜூலையில் வந்தது. ஒருமுறை பின் நம்பர் போட்டு அனுமதி கொடுத்தால், மாதாமாதம் பணம் தானாகப் போகும். பின் போடும் திரையில் கண்ணில் படுவது ஒரு ரூபாய்தான். ‘999 ரூபாய் வரை’ என்ற உச்சவரம்பு ஓரமாக இருக்கும். அந்த அனுமதி இருப்பது உங்கள் வங்கியில், ஆப்பில் அல்ல. எந்த வழியாக அனுமதி கொடுத்தீர்களோ, அந்த வழியில் போய் அதை ரத்து செய்யலாம்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் பிளே ஸ்டோரில் மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதிக்குள் போய் ரத்து செய்யலாம். அங்கே எதுவும் இல்லையா? எந்த ஜிமெயிலில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். போன் வாங்கிய நாளில் கடைக்காரர் தொடங்கிக் கொடுத்த பழைய ஜிமெயிலில் சந்தா ஓடிக்கொண்டிருக்கலாம். ஐபோனில் செட்டிங்ஸ் போய், மேலே உங்கள் பெயரைத் தொட்டால் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ இருக்கும். இலவச டிரையல் என்றால் முடிவதற்கு ஒரு நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

ஸ்டோர் வழியாகச் சேராமல் ஆப்புக்குள்ளேயே நேரடியாகப் பணம் கட்டியிருந்தால், போன்பே, ஜிபே, பேடிஎம் என எதில் அனுமதி கொடுத்தீர்களோ அதில் ‘ஆட்டோபே’ பட்டியலைத் திறங்கள். ஆப்பின் பெயருக்குப் பதிலாக, இடையில் பணம் வாங்கிக்கொடுக்கும் நிறுவனத்தின் பெயர் இருக்கலாம். தொகையையும் தேதியையும் வைத்துக் கண்டுபிடியுங்கள். அதே பட்டியலில் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் எஸ்ஐபியும் இருக்கும். அவசரத்தில் அதையும் நிறுத்திவிடாதீர்கள்.

கார்டு கொடுத்திருந்தால் வங்கியின் ஆப்பிலோ இணையதளத்திலோ ரத்து செய்யலாம். கணக்கு அத்திப்பள்ளிக் கிளையில் இருந்தாலும் அங்கே போய் நிற்க வேண்டியதில்லை. 2021 அக்டோபர் முதல் அமலில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும். அந்த ஒரு தவணையையோ முழு அனுமதியையோ ரத்து செய்யும் வழியும் தர வேண்டும். ஆனால் எல்லை தாண்டி வேலை மாறும்போது சிம்மையும் மாற்றிவிட்டு, வங்கியில் பழைய நம்பரையே விட்டிருப்பவர்களுக்கு அந்த எஸ்எம்எஸ் எப்படி வரும்? முதலில் நம்பரை மாற்றுங்கள்.

மொபைல் பேலன்ஸில் பணம் குறைகிறதா? அது சிம் நிறுவனத்தின் கூடுதல் சேவையாக இருக்கலாம். 155223 என்ற எண்ணில் நிறுத்தலாம்.

சேர ஒரு பட்டன், விலக ஒன்பது திரை என்று இழுத்தடிப்பது சாமர்த்தியம் அல்ல, விதிமீறல். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் ‘சந்தா பொறி’யும் ஒன்று. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். ரத்து செய்த பிறகும் பணம் போனால் வங்கியில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

ஆப்பின் ‘கஸ்டமர் கேர்’ எண்ணை மட்டும் கூகுளில் தேடி அழைக்காதீர்கள். போலி எண்கள் நிறைய உலவுகின்றன. 199 ரூபாயைத் திரும்பத் தருகிறோம் என்று பின் நம்பரைப் போடச் சொன்னால் உடனே போனை வையுங்கள். பணம் பெறுவதற்குப் பின் தேவையே இல்லை. அதற்குள் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.