காண்போரைப் பிணிக்கும் காணொளி

நூலுக்கு ஆகாதன இவை, அழகாவன இவை என்று பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்துள் பத்துப் பத்தாக வகுத்து வைத்தார். அவர் காலம் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம். ஏடும் எழுத்தாணியுமே கருவியாயிருந்த அந்நாளிற் சொல்லப்பட்ட இலக்கணம், கைப்பேசித் திரையில் ஓடும் காணொளிக்கு எங்ஙனம் பொருந்தும் என்று நகைப்பார் உளர். நம் கல்லூரியிலும் உளர். அவருட் பெரும்பாலார் பௌதிக வகுப்பினர். அவர்களோடு வழக்காடுதல் ஈண்டு என் நோக்கமன்று. காணொளி இயற்றி யூடியூபில் ஏற்ற முயலும் மாணாக்கர் நம்மிடையே பலராயினர். காண்போர் கருத்து எதனால் நிலைக்கின்றது, எதனால் நழுவுகின்றது என்பதை யான் அறிந்த அளவில் அவர்க்கு விளக்கக் கருதினேன். விளக்கத்திற்கு வேண்டிய பெயர்கள் நன்னூலில் ஆயத்தமாக இருத்தலின், வேறு பெயர் தேடி அலையவில்லை.

யூடியூப் 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றியது. அதன்கண் முதன்முதல் ஏற்றப்பட்ட காணொளி, அதனைத் தோற்றுவித்தாருள் ஒருவர் விலங்குக்காட்சிசாலையில் யானைகளின் முன்னின்று சில சொற்கள் பேசியது. அதன் நீளம் 19 விநாடியே. தொடக்க ஆண்டுகளில், ஒரு காணொளியை எத்தனை பேர் திறந்தனர் என்னும் எண்ணே பெரிதாக மதிக்கப்பட்டது. திறந்தவர் இருந்து கண்டாரா, எழுந்து போயினாரா என்பது அத்துணை எண்ணப்படவில்லை. 2012-இல் இம்முறை மாறிற்று. எவ்வளவு நேரம் கண்டனர் என்பதே, ஒரு காணொளியைப் பிறர்க்கு எடுத்துக் காட்டலாமா என்று அந்நிறுவனத்தின் பொறி முடிவு செய்வதற்குரிய முதன்மையான அளவுகோல்களுள் ஒன்றாயிற்று. அன்று தொட்டு, காண்பவரை இருத்தி வைத்தல் காணொளி இயற்றுவாரின் பெருங்கவலையாயிற்று.

காணொளி ஏற்றியவர்க்கு 'யூடியூப் ஸ்டுடியோ' என்னும் கணக்கறையில் ஒரு வரைபடம் காட்டப்படும். கிடையாக ஓடுவது நேரம். மேலும் கீழுமாக நிற்பது, அந்நேரத்தில் எஞ்சியிருப்போர் விழுக்காடு. முதல் 30 விநாடி கழிந்தபின் எத்தனை பேர் நின்றனர் என்பது தனியே குறிக்கப்படும். கோடு இடப்பக்கத்தில் மலை போல் எழுந்து, செங்குத்தாகச் சரிந்து, பின்னர்ச் சிறிது சிறிதாய் இளைத்துக்கொண்டே போகும். 'சென்று தேய்ந்திறுதல்' என்னும் குற்றத்தை உரை கொண்டு கற்றதினும் இவ்வரைபடத்தைக் கண்டு யான் தெளிவாகக் கற்றேன். தமிழாசிரியன்மார் பொறுத்தருள்க.

முதற் சரிவு எதனால் நிகழ்கின்றது? ஓர் எடுத்துக்காட்டால் இதனைக் காண்போம். எம் ஊராகிய அரியமங்கலம் திருச்சிராப்பள்ளி மாநகரின் கீழ்ப்பால், தஞ்சைச் சாலையை அடுத்துள்ளது. ஊர்ப்பெயரைச் சொன்ன அளவில் பலர்க்கும் நினைவில் எழுவது, மாநகரின் குப்பையெல்லாம் பல்லாண்டாக வந்து குவிந்த கிடங்கே. அதனைப் பற்றி ஒருவர் காணொளி இயற்றப் புகுந்தனர் என்று கொள்க. பெரும்பாலார் எங்ஙனம் தொடங்குவர்? முதலிற் சுழலும் எழுத்தில் சேனலின் பெயர், அதனுடன் ஓர் இசை, பிறகு வணக்கம், பிறகு 'சப்ஸ்கிரைப் செய்யுங்கள், மணியை அழுத்துங்கள்' என்னும் விண்ணப்பம், பிறகு குப்பை என்றால் என்ன என்னும் இலக்கணம். முற்காலத்துப் புலவர் காப்புச் செய்யுள் பாடியது போல இக்காலத்தார் இதனைப் பாடுகின்றனர் போலும். காப்புச் செய்யுளாவது நான்கடியில் முடிந்துவிடும். இது முடிவதற்குள் காண்பவர் வேறோர் இடம் சென்றிருப்பார்.

இனி வேறொரு தொடக்கத்தைக் கருதுக. திரை திறந்தவுடன் கிடங்கின் புகை. அதன் இப்புறம் ஒரு வீட்டின் சன்னலைத் தாயொருத்தி அடைக்கிறாள். "இக்குப்பை எங்கிருந்து வந்தது, இதனை அகற்ற என்ன வழி?" என்று ஒரு குரல் வினவுகின்றது. இவ்வளவும் பத்து விநாடியில் அடங்கும். வினா பிறந்தபின் விடை கேளாமற் செல்ல மனம் ஒருப்படாது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் முன்வந்து, வரப்போகும் அரசன் யாவன் என்பதைச் சொல்லிச் சபையை எதிர்நோக்க வைத்தலும் இந்நுட்பம் பற்றியே. மயக்கும் தொடக்கம் வேண்டுவதன்று. வாக்குறுதி அளிக்கும் தொடக்கமே வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இதனை நன்கு உணர்ந்து செய்தோரைக் காண நெடுந்தொலை போகவேண்டா. திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே, புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில், பெரியதம்பி என்னும் முதியவரும் அவர்தம் பேரன்மாரும் 2018-இல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்பதைத் தொடங்கினர். வயல்வெளியில் அடுப்பு மூட்டி, பேரளவிற் சமைத்து, பலர்க்கு உணவிடுதலே அதன் பொருள். 2021-இல் அது ஒரு கோடி சந்தாதாரரைப் பெற்றது. தமிழ்ச் சேனல்களுள் அவ்வெண்ணை முதன்முதல் எட்டியது அதுவே. அவ்வாண்டு ஜனவரியில் ராகுல் காந்தி அவர்களுடன் அமர்ந்து காளான் பிரியாணி உண்ட காட்சியைப் பலரும் கண்டிருப்பர். 2022-இல் வெளிவந்த 'விக்ரம்' திரைப்படத்திலும் அக்குழுவினர் தோன்றினர்.

இவர்கள் வெற்றிக்குக் காரணம் உணவின் சுவை என்பாருளர். திரையிற் சுவை ஏது? மணந்தான் ஏது? காரணம் வேறு. அவர்கள் காணொளியில் ஒவ்வொரு பொருளும் பாத்திரத்தில் விழும்போது அதன் பெயர் உரத்துக் கூவப்படுகின்றது. மஞ்சள் என்றால் மஞ்சள், மிளகு என்றால் மிளகு. அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. கண் காண்பதனைக் காது உறுதி செய்கின்றது. அடுத்து என்ன விழும் என்னும் சிறு எதிர்பார்ப்பு நொடிக்கு நொடி பிறந்துகொண்டே இருக்கிறது. அரிவாள்மணையில் காய் அரிபடும் ஓசையும், எண்ணெய் பொரியும் ஓசையும், அடுப்பில் விறகு வெடிக்கும் ஓசையும் உரையாசிரியரின்றித் தாமே பேசுகின்றன. தமிழ் அறியாத பிறநாட்டாரும் இவற்றைப் பின்பற்றிச் செல்ல இயலுவது இதனாலேயே. முடிவில் சமைத்தவர் தாமும் உண்டு, முதியோர்க்கும் வறியோர்க்கும் அவ்வுணவை வழங்குவர். இத்துணையும் எவர்க்கு என்னும் வினா தொடக்கத்திலேயே காண்பார் மனத்தில் முளைத்து, இறுதியில் விடைபெறுகின்றது. ஆதலின் இறுதிவரை இருக்கிறார்கள். 'சுருங்கச் சொல்லல்' என்னும் அழகுக்கு இதனினும் சிறந்த உதாரணம் தற்காலத்தில் யான் கண்டிலேன்.

நிற்க. அரியமங்கலத்தில் மாலைதோறும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர்க்கு யானும் என் தோழர் இருவரும் தமிழிலக்கணம் சொல்லி வருகிறோம். அவர்தம் வீடுகளிற் பலவற்றில் கைப்பேசி ஒன்றே. தந்தையார் வேலை முடிந்து இரவு திரும்பிய பின்னரே அது பிள்ளையின் கைக்கு வரும்; அதுவும் அரைமணி நேரத்திற்கு. அவ்வரைமணியில் அவர்கள் காணும் பொருட்டே நாங்கள் புணர்ச்சி, யாப்பு முதலியவற்றைச் சிறு காணொளிகளாக இயற்றி ஏற்றுகிறோம். எங்கள் பாடத்தை அடுத்து, விரலால் தள்ளினால் ஓடிவரும் குறுங்காணொளிகள் ஆயிரம் காத்து நிற்கின்றன. டிக்டாக் 2020 ஜூனில் இந்நாட்டில் தடைசெய்யப்பட்ட பின், அவ்வாண்டு செப்டம்பரிலேயே யூடியூப் 'ஷார்ட்ஸ்' என்பதை இங்கே தொடங்கிவிட்டது. குற்றியலுகரம் இவற்றோடு போட்டியிட்டு வெல்லவேண்டும். வெல்லாதொழியின் நட்டம் எங்கட்கன்று, அப்பிள்ளைகட்கே.

ஆகவே ஒரு காணொளியைத் தேவைக்கு மேல் நீட்டுவோரைக் காணும்போதெல்லாம் எனக்குச் சினம் மூளும். நீட்டுவதற்குக் காரணம் உண்டு. 2020 ஜூலை முதல், எட்டு நிமிடமும் அதற்கு மேலும் ஓடும் காணொளிகளின் நடுவே விளம்பரம் செருக இடம் தரப்பட்டது. அதற்கு முன் பத்து நிமிடம் வேண்டியிருந்தது. மூன்று நிமிடப் பொருளை எட்டு நிமிடமாக இழுப்போர் பெருகியது இவ்வாறே. சொன்னதனையே சொல்வர், அது 'கூறியது கூறல்'. தம் சேனலின் வரலாற்றை நடுவே புகுத்துவர். அது 'மற்றொன்று விரித்தல்'. இவ்விரு குற்றமும் நிகழுமிடத்தில் வரைபடக் கோடு பள்ளம் காட்டும். பொறி நன்னூல் கற்றதன்று. எனினும் நன்னூலார் சொன்ன இடத்திலேயே சுட்டுகின்றது.

இதற்கு அஞ்சி, மூச்சு விடும் இடத்தையும் வெட்டி எறிவோர் உளர். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே நூலிழையும் புகாது. இங்ஙனம் செய்தால் கேட்பவர் தலை சுழலும். 'மயங்க வைத்தல்' என்பது இது. புதுக் கருத்து ஒன்று சொன்னபின் இரண்டு நொடி ஓய்வு கொடுத்தல் நலம். வில்லுப்பாட்டில் தலைவர் ஒன்று சொல்ல, பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' என்று ஏற்றும், இடையிற் கேள்வி கேட்டும் துணைபுரிவதைக் காண்க. அவ்விடைவெளியில் அவைக்குக் கருத்துப் பதிகின்றது. நாங்களும் ஒருவர் விளக்க, ஒருவர் பிள்ளைகள் கேட்கும் வினாவையே கேட்கும்படி அமைத்தோம்.

ஒலியைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். புதியோர் எல்லாரும் காமிராவுக்கே பொருள் செலவிடுகின்றனர். படம் சற்று மங்கியிருப்பினும் காண்பவர் பொறுப்பர். குரல் தெளியாவிடின் பொறார். நல்ல கைப்பேசி ஒன்று போதிய படம் தரும். தஞ்சைச் சாலையில் லாரிகளின் ஏர் ஹாரன் ஓயும் பொழுது விடியற்காலை ஒன்றே. ஆதலின் நாங்கள் ஐந்து மணிக்குப் பதிவு செய்கிறோம். மின்விசிறியை நிறுத்திவிடுதல் வேண்டும். வெறுஞ்சுவர் உள்ள அறையில் குரல் எதிரொலிக்கும். கட்டில் மெத்தையும், துணி தொங்கும் கொடியும் அவ்வெதிரொலியை விழுங்கும். காலர் மைக் வாங்க இயலாதார், இரண்டாவது கைப்பேசி ஒன்றை இரவல் பெற்று, அதனைப் பேசுபவர் வாயினின்று ஒரு சாண் தொலைவில், படத்தில் விழாதபடி வைத்துக் குரலைத் தனியே பதிந்து, பின்னர்ப் படத்தோடு இணைக்கலாம். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால் இரண்டும் பொருந்துமிடம் எளிதில் தெரியும்.

இனி முகப்புப் படம். 'தம்ப்நெயில்' என்று வழங்கும் அதில், உள்ளே இல்லாததைக் காட்டி இழுப்பது எளிது. அழும் முகம், சிவப்பு வட்டம், 'அதிர்ச்சி' என்னும் சொல்! வருவார், வந்து, இல்லையென்று கண்டவுடன் போவார், கோடு முதல் நிமிடத்திலேயே வீழும். பொய் அறநெறிக்கு மாறென்பது ஒருபுறமிருக்க, கணக்கிலும் அது தோற்கின்றது. ஆயினும் நேர்மையாளர் தம் முகப்பை வெறுமையாக விடுதலும் தகாது. 'புணர்ச்சி விதிகள், பகுதி 4' என்று எழுதினால் எவர் திறப்பார்? 'பூ கொடி: இடையில் ஙகரம் வந்ததேன்?' என்று எழுதின், உள்ளிருப்பதும் அதுவே, திறக்கத் தூண்டுவதும் அதுவே.

வரைபடத்தில் எப்போதாவது மேடும் தோன்றும். கண்டவர் பின்னோக்கிச் சென்று மீண்டும் கண்ட இடம் அது. இன்பத்தாற் கண்டாரா, விளங்காமையாற் கண்டாரா என்பதைக் கோடு சொல்லாது. காண்பவரையே கேட்டறிதல் வேண்டும். எங்கள் காணொளியொன்றைச் சில நூறு பேரே கண்டனர். அதில் இரண்டாம் நிமிடத்தை அடுத்து ஒரு மேடு இருந்தது. மாலை வகுப்பிற் பிள்ளைகளை வினவினோம். ஆறுவகைக் குற்றியலுகரத்திற்கும் உதாரணம் எழுதிய பலகை அவ்விடத்தில் தோன்றுகின்றதாம். குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள அதனை நிறுத்தி நிறுத்திக் கண்டார்களாம். "அண்ணா, அந்தப் பலகையை இன்னும் கொஞ்ச நேரம் வையுங்கள்" என்றாள் ஒரு சிறுமி. அடுத்த காணொளியிலிருந்து அதனைப் பதினைந்து விநாடி வைத்து வருகிறோம்.