மர நிழலுக்குக் கொடுத்த வாடகை

தூத்துக்குடியை ஒட்டிய எங்கள் மாப்பிள்ளையூரணியில் "ரூம் போடுவது" என்றால் அதற்குக் கல்யாணம், ஆஸ்பத்திரி, கோயில் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். மதுரையில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர் போனால் கிடைத்தால் ரூம், கிடைக்காவிட்டால் கடற்கரை மணல். தங்குவதற்காகவே ஓர் ஊருக்குப் போவதும், கரண்ட் பில், பால் கணக்கு, பிள்ளையின் டியூஷன் பீஸ் எல்லாம் சேர்ந்த தொகையை ஒரே ராத்திரிக்கு எடுத்துக் கொடுப்பதும் எங்கள் தெருவுக்குப் புதிது. ஆனால் வந்துவிட்டது. கல்யாண நாள், அறுபதாம் கல்யாணம், பிள்ளைக்கு முதல் சம்பளம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி நட்சத்திர ஹோட்டலில் ஒரு நாள் இருந்துவிட்டு வருகிறார்கள்.

நான் துறைமுகத்தில் கிளியரிங் அண்ட் பார்வர்டிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க பில்லை வரி வரியாகப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனாலோ என்னவோ, "அண்ணே, ஒரு நைட்டுக்குப் பத்தாயிரம் கேக்கான், குடுக்கலாமா?" என்று போனை நீட்டுகிறவர்கள் என்னிடம்தான் வருகிறார்கள். நான் முதலில் விலையைப் பார்ப்பதில்லை. "உங்க வீட்ல இல்லாதது அங்க என்ன இருக்கு?" என்றுதான் கேட்பேன். இதற்கு ஒரு வாக்கியத்தில் பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். "சும்மா, நல்லா இருக்கும்னு" என்று பதில் வந்தால் அந்தப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே ஹோட்டலில், ஒரே அளவு அறையில், ஜன்னல் கடலைப் பார்த்து இருந்தால் ஒரு விலை, தோட்டத்தைப் பார்த்து இருந்தால் இன்னொரு விலை. கடல் பார்த்த அறைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது கோயம்புத்தூர்க்காரருக்கும் பெங்களூர்க்காரருக்கும் சரியாக இருக்கலாம். தருவைக்குளம் பக்கத்து ஊர், முத்துநகர் பீச் பைக் தூரம் என்று இருக்கிற நமக்கு அது எதற்கு? நமக்குக் கடல் குறைவில்லை, காற்றும் குறைவில்லை. இல்லாதது நிழல். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு விளைகிற பூமி இது. உப்பளத்தைச் சுற்றி உடைமரம் தவிர வேறு மரம் கண்ணில் படுவது அரிது. பாத்தியில் உப்பு வாருகிறவர்களுக்கு நடுப்பகலில் ஒதுங்க ஒரு கொட்டகை இருந்தால் பெரிய காரியம். ராத்திரியில் துறைமுகத்துக்குப் போகிற லாரிச் சத்தம் ஓயாது. பெரிய மரமும் சத்தமில்லாத ராத்திரியும்தான் நாம் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. நான் அதற்குத்தான் கொடுத்தேன்.

மதுரை கோச்சடையில் மேலக்கால் ரோட்டில் ஹெரிடேஜ் மதுரை என்று ஒரு ஹோட்டல் இருக்கிறது. 17 ஏக்கர் தோப்பு, வயதான ஆலமரங்கள், கோயில் தெப்பக்குளம் போலப் படிக்கட்டு இறங்குகிற நீச்சல் குளம். சில வில்லாக்களுக்குத் தனியாகவே சிறு குளம் உண்டு. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு மரங்கள் மட்டும் காரணமில்லை. எங்கள் அப்பா தூத்துக்குடி மில்லில் வேலை பார்த்தவர். நூல் நூற்கிற ரிங் பிரேம் சத்தத்திலேயே காலம் கழித்ததால் இன்றைக்கும் வலது காதுப் பக்கம் நின்று பேசினால்தான் அவருக்குக் கேட்கும்.

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் மதுரையிலும் பஞ்சாலைகள் கட்டினார்கள். தூத்துக்குடியில் கட்டியது கோரல் மில். 1908 பிப்ரவரி 27-ல் அந்த மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அதற்குத் துணை நின்றார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு நடந்த அந்தப் போராட்டம் வென்றது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதையே எங்கள் ஊர்க்காரர்கள் சண்டை போட்டுத்தான் வாங்கினார்கள். மூன்று ஊர் மில்களும் பிறகு மதுரா மில்ஸ் என்று ஒரே நிறுவனமாயின. அதுவே பின்னால் மதுரா கோட்ஸ் ஆனது.

1970-களின் தொடக்கத்தில் அந்த மில் நிறுவனம் தன் அதிகாரிகளுக்காக மதுரையில் ஒரு கிளப் கட்டியது. கட்டித் தந்தவர் இலங்கையின் ஜெஃப்ரி பாவா. 1919-ல் பிறந்த இவர் முதலில் வக்கீல். முப்பத்தெட்டு வயதில்தான் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார். கோட்டேயில் இருக்கிற இலங்கை நாடாளுமன்றம் இவர் வடிவமைத்தது. தம்புள்ளைக்குப் பக்கத்தில் பாறையோடு ஒட்டி, கொடி படர்ந்து, தூரத்திலிருந்து பார்த்தால் கட்டடமே தெரியாதபடி இருக்கிற கண்டலம ஹோட்டலும் இவர் கைவேலைதான். அதைப் பார்ப்பதற்கென்றே உலகத்தின் மூலைகளிலிருந்து ஆட்கள் கொழும்புக்கு விமானம் ஏறுகிறார்கள். அதே மனிதர் கட்டிய இடம் நமக்கு எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழியாக 140 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கோச்சடை ஹோட்டலாக இன்றைக்கு நிற்பது அந்த மதுரை கிளப்தான்.

அப்பாவுக்கு பாவா பெயர் தெரியாது. ஆனால் கிளப் தெரியும். "மதுரையில துரைமாருக்கு ஒரு கிளப்பு கட்டியிருக்காவளாம், கொழும்புல இருந்து ஆள் வந்து கட்டினானாம்" என்று ஷிப்ட் மாறுகிற நேரத்தில் மில் வாசலில் பேசிக்கொண்டதைச் சின்ன வயதில் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் போகக்கூடிய இடமாக அது அன்றைக்கு இல்லை. இப்போது கையில் பணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் போகலாம். இதைவிடச் சரியான காரணம் எனக்கு வேறெந்த ஹோட்டலுக்கும் கிடைத்திருக்காது.

அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு ராத்திரி படுத்து எந்திரிக்கதுக்கா இம்புட்டு ரூவா? பேத்தி கம்மலுக்கு அச்சாரம் ஆகும்லா?" என்றாள். நியாயமான கேள்வி. படுத்து எழுந்திருப்பதற்கு மட்டும் என்றால் அம்மா சொன்னதுதான் சரி. தூங்குகிற மனுஷனுக்கு லாட்ஜும் ஒன்றுதான், வில்லாவும் ஒன்றுதான். அதனால் விழித்திருக்கிற நேரத்தைக் கணக்குப் பார்த்தோம். பெரிய ஹோட்டல்களில் அறைக்குள் விடுவது மதியம் இரண்டு மணி வாக்கில். மறுநாள் காலி செய்யச் சொல்வது பதினொன்று, பன்னிரண்டுக்குள். "ஒரு நாள்" என்று பேர், கையில் கிடைப்பது இருபத்திரண்டு மணி நேரத்துக்குள்தான். அதில் தூக்கம் போக மிஞ்சுவது முழுவதையும் அந்த வளாகத்துக்குள்ளேயே கழிப்பது என்று முடிவு செய்தோம். மீனாட்சி கோயில் இந்தத் தடவை கிடையாது, கடைவீதி கிடையாது. அம்மாவுக்கு அதுதான் பெரிய மனக்குறை.

மதியம் சாப்பிட்டுவிட்டு வெயில் தாழும் முன்பே போய் இறங்கினோம். அப்பா அறைக்குள் போய்ப் பையை வைத்த கையோடு வெளியே வந்துவிட்டார். கருங்கல் சுவரைத் தடவிப் பார்த்தார். குளத்தின் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தோட்டவேலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் தானாகப் போய், "நான் தூத்துக்குடி மில்லுய்யா, ஸ்பின்னிங்" என்று அறிமுகம் செய்துகொண்டார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் சங்கு ஊதும் நேரத்தைப் பற்றியும் போனஸ் வருஷங்களைப் பற்றியும் பேசியதை நான் தள்ளி நின்று கேட்டேன். ராத்திரி சாப்பாட்டு மேஜையில் பரிமாற வந்த பையன் "சார், உங்களுக்கு இன்னும் ஏதாவது?" என்று அப்பாவைக் கேட்டபோது, அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "போதும் தம்பி, ரொம்ப நல்லாருக்கு" என்றார். மெத்தை எப்படி இருந்தது, ஏசி எப்படி இருந்தது என்று கேட்டால் எங்களில் யாருக்கும் ஞாபகமில்லை.

அறை வாடகையைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் ஏமாறுவது இந்த இடத்தில். 7,500 ரூபாய் என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 வரை இருக்கிற அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18 சதவீதம், அதுவும் கூடுதல் தொகைக்கு மட்டுமல்ல, முழு வாடகைக்கும். 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 ஆகும். 7,600 ரூபாய் அறைக்கு 8,968. வாடகையில் நூறு ரூபாய்தான் வித்தியாசம், பில்லில் ஆயிரத்துத் தொண்ணூற்று மூன்று. 7,600, 7,800 என்று விலை காட்டினால் தயங்காமல் போன் போட்டு 7,500-க்கு வருமா என்று கேளுங்கள். வார நாளாக இருந்தால், ஆள் வரத்துக் குறைந்த மாதமாக இருந்தால், இறங்கி வருவதற்கு வாய்ப்புண்டு.

சாப்பாட்டிலும் இதே கோடு ஓடுகிறது. சாதாரண ஹோட்டலில் சாப்பிட்டால் வரி 5 சதவீதம். 7,500-க்கு மேல் வாடகை வாங்குகிற தங்கும் விடுதிக்குள் இருக்கிற ரெஸ்டாரண்ட் என்றால் பொதுவாக 18 சதவீதம். மூவாயிரம் ரூபாய்க்குச் சாப்பிட்டால் ஒரு பக்கம் 150, இன்னொரு பக்கம் 540. "சி.பி." என்று போட்டிருந்தால் காலைச் சாப்பாடு வாடகையில் சேர்த்தி. "எம்.ஏ.பி." என்றால் காலையோடு இன்னொரு வேளையும் சேரும். எங்களைப் போல வெளியே போகாமல் இருப்பவர்களுக்கு இவை லாபம். விடியற்காலை தரிசனத்துக்குக் கிளம்புகிறவர் சி.பி. எடுத்தால் சாப்பிடாத சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தவர் ஆவார்.

எங்கள் ஆபீஸில் ஒரு தம்பி சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் குடும்பத்தோடு தங்கினான். ராத்திரி ஒன்பதரைக்குப் போய், காலை ஆறு மணிக்கு விசா வேலையாகக் கிளம்பிவிட்டார்கள். நீச்சல் குளம் மூடியிருந்தது, காலைச் சாப்பாடு தொடங்கவில்லை. குழந்தை எடுத்துக் குடித்த ஜூஸ் பாட்டிலுக்கும், துவைக்கப் போட்ட இரண்டு சட்டைக்கும் தனி பில். ஹோட்டல்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அந்த ராத்திரிக்கு அந்த ஹோட்டல் தேவையே இல்லை. எழும்பூர் பக்கத்தில் சுத்தமான லாட்ஜில் படுத்துவிட்டு, இன்னொரு நாள் அதே பெரிய ஹோட்டலில் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் போயிருந்தால் அந்த இடத்தின் அழகும் கிடைத்திருக்கும், பணமும் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும். பெரிய ஹோட்டலின் ரெஸ்டாரண்டில் சாப்பிட அங்கே தங்கியிருக்க வேண்டியதில்லை. சென்னை கன்னிமாரா ஹோட்டலைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்கிற வழி அதுதான். 1970-களில் அதைத் திருத்தி அமைத்ததில் பாவாவுக்கும் பங்குண்டு.

போட்டோவை நம்பி முடிவு செய்யாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாகக் கூறு போட்டு, திறக்காமலே ஏலம் விட்டார்கள். எடுத்தவருக்கு உள்ளே முத்து இருக்கிறதா என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். போனில் படம் பார்த்து ரூம் போடுவதும் அப்படித்தான். நட்சத்திரக் கணக்கு ஓரளவுக்குத்தான் உதவும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் குழு வந்து பார்த்துக் கொடுக்கிற அந்தத் தரம் ஐந்து வருஷத்துக்குச் செல்லும், ஆனால் அதற்கு விண்ணப்பிப்பது ஹோட்டலின் விருப்பம். நட்சத்திரமே வாங்காத நல்ல இடங்களும் உண்டு. போய்வந்தவர் ஒருவரிடம் பேசுவதுதான் நல்ல வழி. "எந்தப் பக்கத்து அறை, பக்கத்தில் கல்யாண மண்டபம் உண்டா, ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது" என்று கேளுங்கள்.

எங்கள் செலவு தகுந்ததா என்று கேட்டால், தகும். அந்தப் பணத்துக்கு வேறெதை வாங்கியிருந்தாலும் அப்பாவுக்கு அந்தச் சாயங்காலம் கிடைத்திருக்காது. ஆனால் இதையே வருஷா வருஷம் செய்ய மாட்டோம். அடுத்த தடவை அம்மாவின் முறை, அவள் கேட்பது மீனாட்சி கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு சாதாரண அறை. அதற்கு அதுவே போதும்.

நீங்கள் போவதாக இருந்தால், அறையைப் பதிவு செய்யும் முன் வரி எல்லாம் சேர்த்த மொத்தத் தொகையை வாட்ஸாப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டு பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று தனியாக ஒரு தொகை போட்டிருந்தால் அதை எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. மறுத்தால் புகார் சொல்லத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.