மின்சார வண்டியும் பெட்ரோல் வண்டியும்

திருவாரூர் மாவட்டத்தில் வெண்ணாற்றங்கரையில் அமைந்த ஊர் நீடாமங்கலம். ஊருக்கு அருகே மூணாறு தலைப்பு என்னும் இடத்தில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என நீர் மூன்றாகப் பிரிந்து நெல்வயல்களை நோக்கிச் செல்கிறது. தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் செல்லும் இருப்புப்பாதையிலிருந்து மன்னார்குடிக்குக் கிளைப்பாதை பிரிவதும் இவ்வூரிலேயாகும். இரயில் வரும்பொழுது கேட் மூடப்படும். சாலையின் இரு மருங்கிலும் வண்டிகள் வரிசையாக நிற்கும். இக்காட்சி அவ்வூர் மக்கள் நெடுங்காலமாக அறிந்ததே.

அவ்வரிசையைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை விளங்கும். பெட்ரோல் கார்களுள் சில, எஞ்சினை நிறுத்தாமலே நிற்கின்றன. அவை ஓரடியும் நகர்வதில்லை. ஆயினும் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கிறது. அவற்றினிடையே நிற்கும் மின்சாரக் காரோ ஓசையின்றி நிற்கிறது. சக்கரம் சுழலாதபோது அதன் மோட்டாரும் சுழல்வதில்லை. இவ்விரு வகை வண்டிகளுக்கும் உள்ள வேற்றுமை யாது? எது யாருக்கு ஏற்றது?

மின்சாரத்தால் ஓடும் வண்டி புதியதன்று. சென்னை நகரில் 1895 முதல் 1953 வரை மின்சார டிராம் வண்டிகள் ஓடின. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க நகரங்களில் மின்சாரக் கார்கள் பல இருந்தன. அக்காலத்தில் பெட்ரோல் எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றியே ஓடத் தொடங்கச் செய்ய வேண்டும். அது கடினமான வேலை. 1908-இல் ஹென்றி ஃபோர்டின் மலிவான கார் வெளிவந்தது. 1912-இல் கைப்பிடியின்றி எஞ்சினைத் தொடக்கும் கருவி காரில் பொருத்தப்பட்டது. மின்கலங்களோ கனமாகவும், சிறிதளவு மின்னாற்றலையே கொள்வனவாகவும் இருந்தன. ஆகவே, மின்சாரக் கார் பின்தங்கியது. 1991-இல் லித்தியம் அயனி மின்கலம் விற்பனைக்கு வந்த பின்னர் நிலைமை மாறத் தொடங்கியது. எடை குறைந்து, கொள்ளளவு பெருகியது. இந்தியாவில் 2001-இல் பெங்களூரில் செய்யப்பட்ட ரேவா என்னும் சிறிய காரும், 2020-இல் வந்த டாட்டா நெக்ஸான் மின்சாரக் காரும் மக்களுக்கு அறிமுகமாயின. இன்று தமிழ்நாட்டில் தூத்துக்குடியிலும் மின்சாரக் கார்கள் செய்யப்படுகின்றன.

பெட்ரோல் எஞ்சின் என்பது ஒரு வெப்பப் பொறி. அதில் பெட்ரோல் ஆவி காற்றுடன் கலந்து எரிகிறது. எரிந்து விரியும் வாயு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனின் இயக்கம் பற்சக்கரங்களின் வழியே சக்கரத்தை அடைகிறது. ஆனால், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. எஞ்சியது புகையோடும் வெப்பத்தோடும் கழிந்துபோகிறது. மின்சாரக் காரில் எரிதல் என்பதே இல்லை. மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் மோட்டாரை நேரே சுழற்றுகிறது. அந்த ஆற்றலில் பத்தில் எட்டுப் பங்கு அளவில் சக்கரத்தை அடைகிறது. வேகத்தைக் குறைக்கும்பொழுது அதே மோட்டார் மின்னாக்கியாக மாறி, ஓரளவு மின்சாரத்தை மின்கலத்துக்குத் திருப்பித் தருகிறது. எஞ்சின் எண்ணெய் மாற்றுதல், கிளட்ச் தேய்தல் போன்ற செலவுகளும் இதில் இல்லை.

பெட்ரோல் தீர்ந்தால் பங்குக்குச் சென்று ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். மின்சாரக் காருக்கு அவ்வாறு விரைந்து ஆற்றலை ஏற்ற இயலாது. அதற்கு ஈடாக வேறொரு வசதி உண்டு. இரவில் வீட்டு வாயிலிலேயே, மக்கள் உறங்கும் நேரத்தில், அதற்கு மின்னேற்றம் செய்துவிடலாம். 30 யூனிட் கொள்ளும் மின்கலத்தை 15 ஆம்பியர் பிளக்கின் வழியே முழுதும் நிரப்பப் பத்து மணி நேரம் போல ஆகும். நாள்தோறும் செலவாகும் அளவை மட்டும் நிரப்பச் சில மணி நேரமே போதும். இதற்கென மீட்டரிலிருந்து தனிக் கம்பி இழுத்தல் வேண்டும். எர்த் எனப்படும் நிலத்தொடர்பும் பழுதின்றி இருத்தல் வேண்டும். பழைய வீடுகளில் இவற்றைத் தேர்ந்த மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு சோதித்த பின்னரே வண்டியை இணைக்க வேண்டும். வயலிலுள்ள பம்புசெட்டின் இலவச மின் இணைப்பை இதற்குப் பயன்படுத்துவது முறையன்று.

இனிச் செலவைக் கணக்கிடலாம். நீடாமங்கலத்தில் வாழும் ஆசிரியர் ஒருவர் தஞ்சாவூருக்கு நாள்தோறும் காரில் சென்று வருகிறார் எனக் கொள்க. போக வர 60 கிலோமீட்டர் என வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காருக்கு 4 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றால் நாட்செலவு 400 ரூபாய். மின்சாரக் கார் யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடினால் 10 யூனிட் செலவாகும்; மின்னேற்றத்தில் வீணாவதையும் சேர்த்து 12 யூனிட் எனலாம். மாதத்திற்கு 25 நாள் என்றால், இரண்டு மாதக் கணக்கில் 600 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் மிகுதியாகப் பயன்படுமளவில் யூனிட்டின் விலையும் உயரும். ஆகவே, முதல் 100 யூனிட் இலவசம் என்பதைக் கருதாமல், யூனிட்டுக்கு 10 ரூபாய் எனக் கொள்வதே தக்கது. அவ்வாறாயினும் நாட்செலவு 120 ரூபாயே. மிச்சம் நாளொன்றுக்கு 280 ரூபாய். மாதத்திற்கு 7,000 ரூபாய். ஆண்டுக்கு 84,000 ரூபாய். மின்சாரக் காரின் விலை 3 லட்சம் ரூபாய் கூடுதல் என்றாலும், நான்கு ஆண்டுக்குள் அத்தொகை மீண்டுவிடும்.

அதே ஊரில் கடை வைத்திருக்கும் வேறொருவர் நாள்தோறும் 10 கிலோமீட்டரே காரில் செல்கிறார் எனக் கொள்க. அவருக்கு மிச்சமாவது ஆண்டுக்கு 14,000 ரூபாய் மட்டுமே. கூடுதலாகக் கொடுத்த 3 லட்சம் ரூபாய் மீள 21 ஆண்டுகளுக்கு மேலாகும். மின்கலத்துக்கு நிறுவனங்கள் பெரும்பாலும் 8 ஆண்டுக்கே உறுதி தருகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் கொள்ளளவும் சிறிது சிறிதாகக் குறையும். ஆகையால், அண்டை வீட்டார் மின்சாரக் கார் வாங்கினார் என்பதற்காகத் தாமும் வாங்குவோர் இழப்புக்கு ஆளாதல் கூடும். குறைவாகச் செல்வோர்க்குப் பணம் மிச்சமாவதாகத் தோன்றலாம்; கணக்கோ வேறு கூறுகிறது.

நெடும்பயணத்திலும் எண்ணிப் பார்க்க வேண்டியவை உண்டு. முன் கூறிய 30 யூனிட் மின்கலம் ஏறத்தாழ 180 கிலோமீட்டருக்கு உதவும். வேகமும் குளிர்சாதனப் பயனும் கூடினால் அத்தொலைவு குறையும். சென்னையோ நீடாமங்கலத்திலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இடைவழியில் விரைவு மின்னேற்ற நிலையத்தில் ஒரு மணி நேரம் போலத் தங்க வேண்டும். அங்கே யூனிட்டின் விலையும் மிகுதி. நிலையம் எங்குள்ளது, அது இயங்குகிறதா என்பவற்றைப் புறப்படுமுன்னரே அறிந்துகொள்ளுதல் நன்று.

காவிரிப் படுகை புயலுக்கு அஞ்சும் நாடு. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வீசியபொழுது மின்கம்பங்கள் எண்ணற்றவை சாய்ந்தன. பல ஊர்கள் பல நாள் இருளில் மூழ்கின. அத்தகைய காலத்தில் வீட்டில் மின்னேற்றம் செய்ய இயலாது. பெட்ரோல் பங்கும் மின்சாரமின்றி ஜெனரேட்டரை நம்பியே இயங்க வேண்டும் என்பது உண்மைதான். எனினும், பெட்ரோலைத் தொலைவிலிருந்து கலத்தில் கொண்டுவர இயலும். ஆகவே, புயல் அறிவிப்பு வந்தவுடனே மின்கலத்தை முழுதும் நிரப்பி வைத்தல் மின்சாரக் கார் உடையோர் கடமையாகும். சில கார்களிலிருந்து வீட்டு விளக்கு எரியவும் மின்சாரம் எடுக்கலாம். இருள் சூழ்ந்த நாளில் அது பேருதவி.

புகையைப் பற்றியும் நடுநிலையோடு எண்ண வேண்டும். மின்சாரக் கார் தெருவில் புகை விடுவதில்லை. ஆனால், அதற்குரிய மின்சாரத்தில் ஒரு பகுதி நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியை எரித்தும் பெறப்படுகிறது. முப்பந்தலின் காற்றாலைகளும், கமுதியில் 2016-இல் அமைந்த சூரிய மின் நிலையமும் தருகின்ற பங்கு பெருகப் பெருக, இவ்வண்டியின் தூய்மையும் பெருகும். பெட்ரோலின் மூலமான எண்ணெயும் காவிரிப் படுகைக்கு அயலானதன்று. இந்நெல்வயல்களின் அடியிலும் எண்ணெயும் எரிவாயுவும் உள்ளன. அவற்றை எடுத்தால் நிலமும் நிலத்தடி நீரும் கெடும் என உழவர்கள் நெடுநாள் போராடினர். 2020-இல் தமிழ்நாடு அரசு இப்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குத் தடை விதித்தது. சோறு தரும் நிலமும் வண்டி ஓட்டும் எண்ணெயும் ஒரே இடத்தில் இருக்குமாயின், எதைக் காப்பது என்னும் கேள்வி இங்குள்ளோர்க்கு வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

மூணாறு தலைப்பில் நீரை அளந்தே மூன்று ஆறுகளுக்கும் விடுகின்றனர். எவ்வயலுக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பதை அறிந்த உழவனே முறை தவறாமல் பயிரைக் காக்கிறான். வண்டி வாங்குவோர்க்கும் அவ்வறிவே வேண்டும். நாள்தோறும் செல்லும் தொலைவு எவ்வளவு, இரவில் வண்டி நிற்க வீட்டில் இடமுண்டா, ஆண்டில் எத்தனை முறை நெடும்பயணம் நேரும் என்று ஒவ்வொரு குடும்பமும் தானே கணக்கிட்டு அறிதல் வேண்டும். அவ்வாறு அறிந்து வாங்கிய வண்டி எதுவாயினும், அது அக்குடும்பத்துக்குச் சுமையாகாது.