வண்டி வைத்தியம் – 11: பேட்டரி மேல் விழும் பழி

ஐப்பசி அடைமழை மூன்று நாள் கொட்டி ஓய்ந்த ஒரு காலை. சாவியைத் திருப்பினேன். மீட்டரில் விளக்குகள் வந்தன. பெட்ரோல் பம்ப் ஒரு தரம் முனகி அடங்கியது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் சீட்டுக்கு அடியில் 'டிக்'. மறுபடி அழுத்தினாலும் மறுபடி 'டிக்'. அவ்வளவுதான். கிக்கர் இல்லாத வண்டி. வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு பேட்டரிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மீட்டர் எதையும் எடுக்கவில்லை. பட்டனை ஒரு தரம் அழுத்தினார். "பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க." மாற்றினேன், வண்டியும் கிளம்பியது. ஐந்தாம் மாதம் அதே 'டிக்'.

இந்தத் தடவை போனது ஒயரிங் கடைக்கு. அங்கே ஒரு பெரியவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டபடி கேட்டார்: "ஹார்ன் அடிக்குதா?"

"அடிக்குதுங்கய்யா."

"லைட்டு மங்குதா, செல்ஃப் அழுத்தறப்ப?"

யோசித்துப் பார்த்தேன். மங்கவில்லை.

"அப்புறம் பேட்டரியை ஏம்ப்பா திட்டுற?"

அவர் கேட்ட அந்த இரண்டாவது கேள்வியில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. செல்ஃப் மோட்டார் ஒரு பகாசுரன். வண்டியில் வேறு எதுவும் இழுக்காத அளவுக்குக் கரண்ட்டை அது ஒரே மூச்சில் இழுக்கும். பேட்டரி செத்துப்போயிருந்தால், பட்டனை அழுத்திய கணமே ஹெட்லைட் மங்கி, மீட்டர் கண் சிமிட்டும். அழுத்தியும் விளக்கு அசையவில்லை என்றால் என்ன அர்த்தம்? பேட்டரியிடமிருந்து யாரும் பெரிதாக எதையும் எடுக்கவே இல்லை. வழியில் எங்கோ அடைப்பு.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்துப் பேட்டரி முனைகளில் பிடித்தார். 12.6. செல்ஃபை அழுத்தச் சொன்னார். 12.3. "பாத்தியா, எறங்கவே இல்ல" என்றார். நல்ல பேட்டரிகூட மோட்டார் சுற்றும்போது பத்து, பத்தரைக்கு இறங்கும். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிமேல் சந்தேகப்படலாம்.

பிறகு அவர் செய்ததை நான் அதற்கு முன் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்தார். சிவப்பு முனையால் இன்ஜின் உடம்பில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டைத் தொட்டார். "அழுத்து." மீட்டர் 9 வோல்ட்டைத் தாண்டியது. இரண்டுமே எர்த். நியாயமாக அவற்றுக்கு இடையே கால் வோல்ட்கூட இருக்கக் கூடாது. மோட்டாருக்குப் போக வேண்டிய வோல்ட்டேஜில் முக்கால்வாசியை ஏதோ ஒரு மூட்டு நடுவில் தின்றுகொண்டிருந்தது.

நெகட்டிவ் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனோம். அது இன்ஜினில் இறங்கும் இடத்தில் பத்தாம் நம்பர் போல்ட். கழற்றினால், ஒயர் நுனியின் பித்தளை வளையம் முழுக்கப் பச்சைக் களிம்பு. போல்ட்டுக்கு அடியில் துரு. வெளியிலிருந்து பார்த்தபோது இறுக்கமாக, ஒழுங்காகத்தான் தெரிந்தது.

இதில் கணக்கு எளிது. அந்தக் களிம்பின் தடை பத்தில் ஒரு ஓம் என்றே வையுங்கள். 10 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒரு ஆம்பியரைக்கூட இழுக்காது. அது இழக்கும் வோல்ட்டேஜ் 0.1-ஐத் தொடாது. பல்பு ஜம்மென்று எரியும். அதே வழியில் மோட்டாருக்காக 50 ஆம்பியர் போக வேண்டுமென்றால் 5 வோல்ட் அங்கேயே காலி. 'லைட் எரியுது, அப்ப ஒயரெல்லாம் சரியாத்தான் இருக்கு' என்ற நம் நம்பிக்கை இங்கேதான் இடறுகிறது. மீட்டரை ஓம்ஸில் வைத்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. மீட்டர் ஒயர்களுக்கே அந்த அளவு தடை உண்டு. கரண்ட் ஓடும்போது வோல்ட்டில்தான் பிடிக்க வேண்டும்.

அப்படியானால் புதுப் பேட்டரி போட்டதும் வண்டி ஏன் கிளம்பியது? கழற்றி மாட்டும்போது ஒயர் அசைந்து களிம்பு கொஞ்சம் உதிர்ந்திருக்கும். நான் மூட்டையாகப் பணம் கொடுத்து வாங்கியது அந்த அசைவைத்தான்.

பேட்டரியின் நிலையை வண்டியே காட்டிய காலமும் உண்டு. பழைய புல்லட்டில் ஹெட்லைட் கூட்டின் மேல் ஒரு சின்ன ஆம்பியர் மீட்டர் இருக்கும். பாயின்ட் வைத்த புல்லட்டைக் கிக் அடிப்பவர்கள் அந்த முள்ளைப் பார்த்துத்தான் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். கிக்கரை மெல்ல அமுக்க, முள் நடுவுக்கு வந்ததும் டிகம்ப்ரஷனைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கி, பிறகு ஒரே உதை. பேட்டரிக்கு வரவா செலவா என்பதையும் அதே முள் சொல்லும். இன்றைய வண்டிகளில் டிஜிட்டல் மீட்டர் போன் அழைப்பு வரை காட்டுகிறது. பெரும்பாலானவற்றில் வோல்ட் மட்டும் இல்லை. பேட்டரியை முன்னைவிட அதிகமாக நம்பி ஓடும் வண்டிகளில் இப்படி! 2017 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்ச் கிடையாது. 2020-இல் பிஎஸ்-6 வந்தபின் கார்புரேட்டரும் ஏறக்குறைய போய்விட்டது. அதன் இடத்துக்கு வந்த பம்புக்கும் இசியூவுக்கும் கரண்ட் இல்லையென்றால் உதைத்தாலும் பயன் இருக்காது.

சார்ஜிங் பற்றி இப்போதைக்கு ஒரு சொல். வண்டி ஓடும்போது, ஆக்ஸிலேட்டரை நன்றாகத் திருகிப் பிடித்தால் பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். 12-லேயே நின்றால் கோளாறு சார்ஜிங் காயிலிலோ, கருகிய கப்ளரிலோ இருக்கலாம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரில். அதை விட்டுவைத்தால் பேட்டரி ஊதிவிடும்.

அலாரம், ஜிபிஎஸ் மாட்டியவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். சாவி ஆஃபில் இருந்தும் 20 மில்லிஆம்பியர் கசிந்தால், 4 ஏ.ஹெச். பேட்டரி எட்டே நாளில் காலி. ஊருக்குப் போய்த் திரும்பும்போது 'டிக்' கூட வராது.

பெரியவர் வளையத்தை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, போல்ட்டை முறுக்கி, மேலே வாசலின் தடவினார். நீங்களே செய்வதானால் முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள், கடைசியில் அதை மாட்டுங்கள். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் ஃப்ரேமில் இடித்தாலும் பொறி பறக்காது. மீட்டரின் சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது பேட்டரியைத் தொடாதீர்கள். அது நேரடி ஷார்ட், மீட்டரே போகலாம்.

அந்தப் பேட்டரிதான் இன்றும் என் வண்டியில் இருக்கிறது, மூன்றாவது வருடமாக. நல்ல மல்டிமீட்டர் சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். இந்த ஞாயிறு மூன்று அளவு எடுங்கள்: வண்டி இரவு முழுக்க நின்றபின், செல்ஃப் அடிக்கும்போது, ஓடும்போது. தேதியோடு ஒரு சீட்டில் எழுதி ஆர்.சி. நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் காயிலைப் பார்க்கும்போது அந்த மூன்று எண்களும் வேண்டும்.