இணையவழிக் கற்றலில் நிறுவனப் பயனும் கற்பவர் பயனும்: என்பிடெல் சான்றிதழ்ப் படிப்புகளை முன்வைத்து

முன்னுரை

இணையவழிக் கற்றலின் நன்மைகளைக் கூறும் கட்டுரைகள் பலவும் காலம், செலவு, தொலைவு ஆகியவை குறைவதையே சுட்டுகின்றன. அந்நன்மைகள் கல்வி நிறுவனத்திற்கும் கற்பவருக்கும் ஒருசேரக் கிட்டுவனவாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. இக்கருத்து எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை, என்பிடெல் எனப்படும் தேசியத் திட்டத்தின் சான்றிதழ்ப் படிப்புகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

கற்பவர் பெறும் பயன்

ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003ஆம் ஆண்டில் இத்திட்டத்தைத் தொடங்கின. பேராசிரியர்களின் வகுப்புரைகள் காணொலிகளாகப் பதிவு செய்யப்பட்டுக் கட்டணமின்றி வெளியிடப்பட்டன. சென்னையில் நிகழ்த்தப்பட்ட விரிவுரை சிற்றூர்க் கல்லூரி மாணவருக்கும் எட்டியது; ஆயினும், அதனைக் கற்றமைக்கு அவரிடம் சான்று ஏதும் இல்லை. 2014இல் அறிமுகமான சான்றிதழ்ப் படிப்புகள் இக்குறையை நீக்கின.

இப்படிப்புகள் 4, 8 அல்லது 12 வாரங்கள் நடைபெறுகின்றன. பதிவு செய்யக் கட்டணம் இல்லை. தேர்வெழுத விரும்புவோர் மட்டும் கட்டணம் செலுத்துகின்றனர். வாரந்தோறும் ஒப்படைவுக்குக் காலக்கெடு உண்டு. ஒப்படைவுகளுக்கு 25 விழுக்காடும், மையத்திற்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடும் மதிப்பெண் ஒதுக்கப்படுகின்றன. விரும்பிய நேரத்தில் கற்கலாம் என்பதே இணையவழிக் கற்றலின் முதல் சிறப்பாகப் போற்றப்படுகிறது. இங்கோ அவ்வுரிமை ஒரு வாரத்திற்குள் அடக்கப்பட்டுள்ளது. சான்றிதழின் மதிப்பு இக்கட்டுப்பாட்டையும் தேர்வறையையுமே சார்ந்துள்ளது எனலாம்.

நிறுவனம் பெறும் பயன்

ஸ்வயம் தளத்தில் பயிலும் படிப்புகளின் மதிப்பலகுகளை ஒரு பருவத்தில் 20 விழுக்காடு வரை ஏற்கப் பல்கலைக்கழக மானியக்குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறைகள் இடமளித்தன. 2021இல் இவ்வரம்பு 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. என்பிடெல் படிப்புகளும் அத்தளத்தில் இடம்பெறுவதால், துறை வல்லுநர் இல்லாத கல்லூரியும் புதிய விருப்பப்பாடத்தை வழங்க இயலுகிறது. ஒருமுறை பதிவான விரிவுரையை நூறு பேர் கேட்டாலும் பல்லாயிரவர் கேட்டாலும் பதிவுச் செலவு ஒன்றே.

ஐயம் தீர்க்கும் உழைப்போ கற்பவர் எண்ணிக்கையோடு பெருகுவது. ஆசிரியர் இல்லாத இடத்தைக் காணொலி நிரப்புவது கல்லூரிக்குச் சிக்கனம். கேள்வி கேட்க அருகில் ஒருவர் இல்லாமை மாணவருக்கு இழப்பு. ஆங்கில விரிவுரையைத் தொடர இயலாத மாணவருக்கு இவ்விழப்பு இருமடங்கு. சில பாடங்களுக்குத் தமிழ் எழுத்துரை கிடைப்பினும், கலைச்சொல்லைக் கருத்தோடு பொருத்திக் காட்ட ஓர் ஆசிரியர் தேவைப்படுகிறார்.

இதனைக் கருதியே கல்லூரிகளில் என்பிடெல் உள்ளூர்க் கிளைகளும் வழிகாட்டி ஆசிரியர் என்னும் பொறுப்பும் அமைக்கப்பட்டுள்ளன. வழிகாட்டியின் பெயர் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது. பாடவேளை அட்டவணையில் அவருக்கு வாரம் ஒரு மணி நேரமேனும் ஒதுக்கப்பட்டு, அது பணிச்சுமைக் கணக்கிலும் சேர்க்கப்படுதல் வேண்டும். அவ்வாறு ஒதுக்கும் கல்லூரியில்தான் நிறுவனத்தின் பயன் மாணவரின் பயனாகவும் மாறுகிறது.