குடக்கூலி வீடும் காரீய வர்ணமும்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையை நம்பிப் பிழைக்க வந்த குடும்பங்களுள் பல, பழைய ஓட்டு வீடுகளில் குடக்கூலிக்கு இருந்து வருகின்றன. அத்தகைய வீடொன்றில் சில மாதங்களுக்கு முன் நான் கண்ட காட்சி இது. வீட்டுக்காரர் கதவின் பழைய பச்சை வர்ணத்தை உப்புத்தாள் கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார். குடியிருப்பவரின் இரண்டு வயதுக் குழந்தை கீழே உதிர்ந்த தூளை அளைந்து, விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் நல்லவர், கேளாமலே வர்ணம் பூச முன்வந்தவர். அபாயத்தை அவர் அறியார்.

எண்ணெய் வர்ணங்கள் விரைவில் உலரவும், நிறம் மங்காதிருக்கவும் காரீயக் கூட்டுப்பொருள்களை முற்காலத்தில் தாராளமாகச் சேர்த்தனர். மஞ்சள், சிவப்பு, பச்சை வர்ணங்களிலும், ஜன்னல் கம்பிகளுக்கு முதற்பூச்சாக இடும் செவ்வர்ணத்திலும் அது மிகுதி. (ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அது வேறு, இது வேறு.) சுண்ணாம்பு மட்டும் அடித்த சுவரைப் பற்றி இவ்வகையில் கவலை வேண்டாம். கதவு, ஜன்னல், கம்பி ஆகியவையே கவனத்திற்கு உரியவை.

வயிற்றினுட் சென்ற காரீயத்தைப் பெரியவர்களைக் காட்டிலும் சிறு குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக ஏற்கிறது. அது மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். இழந்ததை மருந்தால் மீட்க இயலாது. வெளிக்குறி ஏதும் தோன்றாதிருக்கலாம். இரத்தப் பரிசோதனையே அதனைக் காட்டும்.

வீட்டு வர்ணங்களில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் மத்திய அரசின் விதி 2016-இல் பிறந்து, 2017 நவம்பர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது புதிதாகச் செய்து விற்கும் வர்ணத்தையே கட்டுப்படுத்தும். கதவின்மேல் முன்பே ஏறிவிட்ட வர்ணத்தை அது தொடுவதில்லை. அமெரிக்காவிலோ, 1978-க்கு முன் கட்டிய வீட்டை வாடகைக்கு விடுபவர், தாம் அறிந்த காரீய வர்ணத்தைக் குடிவருபவரிடம் முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும்.

நம் மாநிலத்தில் அப்படி நேரடியான கட்டளை இல்லை. எனினும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறியிருந்தாலன்றி, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டு உரிமையாளரின் கடமை என்று அட்டவணையிட்டுக் கூறுகிறது. ஒட்டன்சத்திரம் போன்ற நகராட்சிகளில் வீடு விடுவோர் இதை அறிந்திருத்தல் அவசியம். பூசும் பொறுப்பு அவருடையதாயின், பழையதைத் தீங்கின்றி அகற்றும் பொறுப்பும் அவரைச் சார்ந்ததே என்பது என் துணிபு. அச்செலவைக் குடியிருப்பவர் தலையில் கட்டுவது முறையன்று.

வேலை கடினமானதன்று. கண்ணால் பார்த்துக் காரீயத்தை அறிய இயலாதாகையால், 2017-க்கு முற்பட்ட எண்ணெய் வர்ணம் அனைத்தையும் ஐயத்துக்கு உரியதாகவே கொள்க. உலர்ந்த நிலையில் தேய்க்கலாகாது. தீயால் பொசுக்குவது அதனினும் கேடு. குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் வேலை முடியும்வரை வேறிடத்தில் இருக்கச் செய்து, தரையில் பிளாஸ்டிக் விரிப்பிட்டு, நீர் தெளித்து நனைத்தபின் சுரண்டுக. துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சுரண்டியதைக் கட்டி அப்புறப்படுத்துக. தோட்டத்து மண்ணில் கொட்டலாகாது. உரியாமல் உறுதியாக இருக்கும் வர்ணத்தின்மேல் புதிய வர்ணம் பூசி மூடிவிடலாம். ஆனால் கதவு நிலையோடு உராயும் விளிம்பில் மேற்பூச்சு தேய்ந்துவிடுமாகையால், அங்கே மட்டுமேனும் பழையதை எடுத்தே ஆகவேண்டும். புதிய வர்ணம் வாங்குகையில் டப்பாவின்மேல் காரீய அளவு பற்றிய குறிப்பு உள்ளதா என்று பார்த்து வாங்குக.

நான் கண்ட வீட்டுக்காரர் அன்றே தாளைக் கீழே வைத்தார். மறுவாரம் குழந்தையும் தாயும் உறவினர் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, வாளி நீருடன் மிச்ச வேலையை முடித்தார்.